தவக்காலத்துக் கறியும் ஒரு கல் உப்பும்

கல்யாணம் ஆன நாளிலிருந்து எங்கள் வீட்டில் ஒரு சண்டை விடாமல் நடந்துவந்தது. உப்புச் சண்டை. எந்தக் குழம்பை வைத்தாலும் முதல் வாய் உள்ளே போனதும் என் வீட்டுக்காரர் தலையை ஒரு பக்கமாகச் சாய்ப்பார். "ஒரு கல்லு கம்மி" என்பார். இல்லாவிட்டால் "ஒரு கல்லு ஜாஸ்தி" என்பார். சரியாக இருக்கிறது என்று ஒரு நாளாவது சொன்னதாக எனக்கு ஞாபகம் இல்லை. நானும் லேசுப்பட்டவள் இல்லை. பகல் முழுக்க ஏழாம் வகுப்புப் பிள்ளைகளோடு தொண்டை கிழியக் கத்திவிட்டு வந்து, அடுப்படியில் வெந்து, அதற்கு மேல் இந்தத் தீர்ப்பையும் கேட்டுக்கொள்ள வேண்டும் என்று எனக்கு என்ன தலையெழுத்தா? "வாய மூடிக்கிட்டு சாப்பிடுங்க" என்பேன். வாயை மூடிக்கொண்டு எப்படிச் சாப்பிடுவது என்று கேட்டுச் சிரித்துக்கொண்டே தட்டைக் காலி செய்துவிடுவார். மறுநாள் மறுபடி ஆரம்பிப்பார்.

போன வருஷம் அந்தச் சண்டை நின்றுபோனது. அவருக்கு நாக்கின் ஓரத்தில் ஒரு புண் வந்தது. பல் குத்துகிறது என்று நாங்கள் அசட்டையாக இருந்தோம். ஆறவில்லை. கடைசியில் துளி சதையை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பியபோது புற்றுநோய் என்று வந்தது. ஆரம்பத்திலேயே பிடித்துவிட்டோம், பயப்படாதீர்கள் என்றார்கள். நாக்கின் ஓரத்தை வெட்டி எடுத்தார்கள். அப்புறம் கரண்ட் வைத்தார்கள். கதிர்வீச்சு சிகிச்சையை எங்கள் பக்கத்தில் அப்படித்தான் சொல்வோம். கரண்ட் வைத்து முடித்தபோது நோய் போய்விட்டது. கூடவே அவருடைய எச்சிலும் ருசியும் போயிருந்தன. எடை போன கணக்கை நான் சொல்ல விரும்பவில்லை. தேனாம்பேட்டை ஆபீசுக்குப் போட்டுக்கொண்டு போன சட்டைகள் ஹேங்கரில் தொங்குவது போலவே அவர் மேலும் தொங்கின.

டாக்டரம்மா இரண்டு விஷயம் சொன்னார். எடை இன்னும் இறங்கினால் மறுபடி மூக்கு வழியாக ட்யூப் போட்டுத்தான் சாப்பாடு இறக்க வேண்டும். ருசி பெரும்பாலும் திரும்பி வரும், ஆனால் சிலருக்கு வராமலும் போகலாம், பொறுத்துப் பார்ப்போம். ஆபரேஷன் முடிந்த நாட்களில் அவருக்கு ட்யூப் போட்டிருந்தார்கள். அதில் அவர் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். ஆட்டோவில் வீட்டுக்கு வரும்போது என் கையைப் பிடித்துக்கொண்டு, "ட்யூப் மட்டும் வேணாம்டி. மத்தது என்ன சொன்னாலும் கேக்கறேன்" என்றார்.

ஆனால் என்ன கொடுப்பது? முட்டை வாசனை பட்டாலே குமட்டிக்கொண்டு வந்தது. எங்கள் தெருவுக்குப் பின்னால் சாந்தோம் குப்பத்தில் விடிகாலையில் துடிக்கத் துடிக்க மீன் இறங்குகிறது. முள்ளுக்குப் பயந்து அதைத் தொடவில்லை. கறித்துண்டை மெல்ல நாக்கு ஒத்துழைக்க வேண்டும். வெட்டுப்பட்ட நாக்கு அதைத் திருப்பிப் போட மாட்டேன் என்றது. கொத்துக்கறி செய்து பார்த்தேன். எச்சில் இல்லாத வாயில் அது மணல் மாதிரி சிதறிப் புரையேறிவிட்டது. கஞ்சி, கஞ்சி, மறுபடி கஞ்சி. தராசில் ஏற்றினால் முள் இறங்கிக்கொண்டே வந்தது.

வழி தெரிந்தது என் அவசர புத்தியால்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போய்விட்டு வந்து ஃப்ரீஸரில் இருந்த கறியை எடுத்தேன். அது கல்லாக இருந்தது. இளகும்வரை காத்திருக்க எனக்குப் பொறுமை போதாது. பாதி இளகிய கட்டியை எடுத்து, பெரிய கத்தியால் வீம்புக்குச் சீவ ஆரம்பித்தேன். பார்த்தால், வெற்றிலை கனத்துக்கு வழுவழுவென்று சீவல் சீவலாக விழுந்தது. உறையாத கறியை எத்தனை கூரான கத்தியால் வெட்டினாலும் அப்படி வராது. தேங்காய்ப்பாலில் போட்டு இரண்டு கொதி விட்டதும் வெந்துபோயிற்று. அவர் ஒரு சீவலை வாயில் வைத்தார். மெல்லவே வேண்டியிருக்கவில்லை. கொஞ்ச நேரம் வைத்திருந்து விழுங்கினார். இன்னொன்று எடுத்தார். நான் அடுப்படிக்குள் போய் எல்லாச் சாமிக்கும் நன்றி சொல்லிவிட்டு வந்தேன்.

அடுத்த சனிக்கிழமை கறிக்கடைக்குப் போய் எது மெத்தென்று இருக்கும் என்று கேட்டேன். கடைக்காரருக்கு என்னைத் தெரியும். அவர் பையன் என் வகுப்பில் படித்தவன். "அண்டர்கட் கீது மிஸ். நாரே இருக்காது. வெண்ணெய் மாதிரி போவும். நைனா எப்டி கீறாரு இப்போ?" என்றார். மாட்டின் முதுகெலும்புக்கு அடியில் இருக்கும் சதையைத்தான் அண்டர்கட் என்பார்கள். என் வீட்டுக்காரரைத்தான் அவர் நைனா என்பார். தேறி வருகிறார் என்று சொல்லி வாங்கி வந்தேன்.

அதிலிருந்து ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் எனக்குச் சீவல் நேரமாகிவிட்டது. கறியை ஒரு மணி நேரம் ஃப்ரீஸரில் இறுக வைப்பேன். நார் ஓடும் திசைக்குக் குறுக்காகச் சீவுவேன். இஞ்சி பூண்டு விழுது, துளி பப்பாளிக்காய் விழுது, மிளகு, உப்பு போட்டுப் பிசறுவேன். ஒரு வேளைக்கு ஒரு பாக்கெட் என்று கவரில் தட்டையாகப் பரப்பி அடுக்கி வைத்துவிடுவேன். தட்டையாக இருந்தால் காலையில் குழாய்த் தண்ணீரில் காட்டினாலே இளகிவிடும். பள்ளிக்கூடத்துக்கு ஓடுகிறவளுக்கு அதைவிட என்ன வேண்டும்?

பிறகு ஆரம்பித்தேன் என் வித்தைகளை. ஒரு நாள் இடியாப்பமும் பட்டை கிராம்பு போட்ட ஸ்டூவும். ஒரு நாள் தோசையை முறுகவிடாமல் எடுத்து, வெங்காயத்தோடு வதக்கிய சீவலை உள்ளே வைத்து, மேலே கொஞ்சம் குழம்பையும் ஊற்றி ஊறவிட்டேன். சேமியாவை சூப் மாதிரித் தளர வைத்துக் கடைசிக் கொதியில் கறியைப் போட்டால் அது ஒரு மாதிரி நன்றாக இருந்தது. மெத்தென்ற பன்னைப் பிளந்து வெண்ணெயும் கறியும் வைத்துக் கொடுத்தேன். அவர் அதைக் காபியில் நனைத்துச் சாப்பிட்டார். கண்ணை மூடிக்கொண்டேன். இஞ்சி தட்டிப் போட்ட கஞ்சியில் போட்டேன். வினிகரும் சர்க்கரையும் சேர்த்து அவர் அம்மா வீட்டு முறையில் ஒரு புளிப்புக் குழம்பு வைத்தேன். ஒரு நாள் ஒன்றும் தோன்றாமல் கீரைக் கூட்டிலேயே போட்டுவிட்டேன். ஆசிரியர் அறையில் என் பக்கத்து நாற்காலிக்காரி மயிலாப்பூரில் பிறந்து வளர்ந்தவள், சுத்த சைவம். "கூட்டுலயா! எங்காத்துல இதைச் சொல்லிண்டு நின்னேன்னா என்னை வாசல்லயே நிறுத்திடுவா" என்று தலையில் அடித்துக்கொண்டாள். ஆனால் தினமும் அவர் எவ்வளவு சாப்பிட்டார் என்று முதலில் கேட்பவளும் அவள்தான்.

தராசு முள் நின்றது. பிறகு மெல்ல ஏற ஆரம்பித்தது. ஒரு நாள் ஸ்டூ சாப்பிடும்போது அவர் தலையைச் சாய்த்தார். நான் கரண்டியோடு அவர் வாயையே பார்த்தேன்.

"தெரியுதுடி" என்றார். "லேசா தெரியுது. நல்லா இருக்கு."

பெங்களூரில் வேலை செய்யும் எங்கள் மகளுக்கு உடனே போன் போட்டு, "அப்பாக்கு ருசி வந்துருச்சு" என்று கத்தினேன். அவளும் அந்தப் பக்கம் கத்தினாள். அன்று நான் நிம்மதியாகத் தூங்கினேன்.

அந்தச் சந்தோஷத்தில்தான் கோட்டை விட்டேன். அடுத்த ஞாயிறு, இருக்கட்டுமே என்று இரண்டு மடங்கு கறி வாங்கிச் சீவி ஃப்ரீஸர் கதவு மூடாத அளவுக்கு அடுக்கிவிட்டேன். அந்த வாரமே சாம்பல் புதன், தவக்காலம் ஆரம்பம் என்பது என் மண்டையில் ஏறவே இல்லை. கத்தோலிக்கப் பள்ளிக்கூடத்தில் வேலை, வாராவாரம் பூசை, கோயிலில் அறிவிப்பும் வாசித்திருப்பார்கள். நான் அப்போது அண்டர்கட்டைப் பற்றி யோசித்துக்கொண்டிருந்திருப்பேன்.

தவக்காலம் என்றால் ஈஸ்டருக்கு முந்தைய நாற்பது நாள். கறி தொடாமல் இருப்பதற்கு எங்கள் பழைய சொல் சுத்தபோசனம். இதில் வீட்டுக்கு வீடு கண்டிப்பு மாறும். அசோக் நகரில் நான் பிறந்த வீட்டில் வெள்ளிக்கிழமைகளில் மட்டும் கறி கிடையாது. மற்ற நாட்களில் கட்லெட் வரைக்கும் எல்லாம் உண்டு. இவருடைய குடும்பம் தலைமுறை தலைமுறையாகச் சாந்தோம் கோயிலைச் சுற்றியே வாழ்ந்தது. நாற்பது நாளும் கறி இல்லை, சூப் இல்லை, கறி வெந்த சட்டி கூட அடுப்பில் ஏறாது. இவர் விவரம் தெரிந்த நாளிலிருந்து ஒரு வருஷமும் அதை விட்டதில்லை. நான் ஆசிரியர் அறையில் ஒளித்துச் சாப்பிடும் சமோசாவுக்குள் என்ன இருக்கிறது என்று அவர் கேட்டதும் இல்லை.

புதன்கிழமை நெற்றியில் சாம்பல் பூசிக்கொண்டு கோயிலிலிருந்து வந்தார். அன்று கஞ்சிதான், அதில் எனக்கும் ஆட்சேபம் இல்லை. வியாழக்கிழமை காலை இடியாப்பமும் ஸ்டூவும் வைத்தேன். தட்டைத் தள்ளி வைத்தார்.

"தவக்காலம் வந்தாச்சு. எனக்குக் கஞ்சி போதும்."

"என்னங்க விளையாடறீங்களா? நாப்பது நாள் கஞ்சி குடிச்சா ட்யூப்தான்."

"பாத்துக்கலாம்."

எனக்கு எங்கிருந்து வந்ததோ அவ்வளவு கோபம். தட்டை அப்படியே வைத்துவிட்டு, பள்ளிக்கூடத்துக்கும் போகாமல், நேராகக் கோயில் அலுவலகத்துக்குப் போய் ஃபாதர் முன்னால் உட்கார்ந்தேன். அவர் சின்ன வயதுக்காரர். நான் மூச்சு வாங்கச் சொல்லி முடிக்கும்வரை கேட்டார். "நோயாளிங்களுக்கு சுத்தபோசனமும் கிடையாது, உபவாசமும் கிடையாதும்மா. திருச்சபையே விலக்கு குடுத்திருக்கு. நான் சொன்னேன்னு சாப்பிடச் சொல்லுங்க" என்றார். வெற்றியோடு வீட்டுக்கு வந்து அதைச் சொன்னேன்.

"நோயாளிங்களுக்குத்தான?" என்றார் அவர். "நான் நோயாளி இல்ல. நோய் போச்சுன்னு டாக்டரே சொல்லியாச்சு. எல்லாரும் ஒரு வருஷமா என்னை நோயாளி, நோயாளின்னே பாக்கறீங்க. தவக்காலத்தையாவது நான் மனுஷன் மாதிரி அனுசரிக்கறேன், விடு."

எனக்கு அழுகை வந்தது. அழுதால் கோபம் அதிகமாகும், அது என் சுபாவம். ஃப்ரீஸரைப் படாரென்று திறந்து காட்டினேன். "இத்தனையும் யாருக்காகச் சீவினேன்? சரி, உங்க ஒறுத்தல் விரதம் கெடக்கூடாது, அவ்வளவுதான? நான் எடுத்துக்கறேன். இந்த நாப்பது நாளும் உங்களுக்குப் பதிலா நான் கறியத் தொடமாட்டேன். நீங்க சாப்பிடுங்க. கணக்கு சாமிக்கும் எனக்கும்."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். நான் கறி பைத்தியம் என்பது ஊரறிந்த விஷயம்.

"நீயா? நாப்பது நாளா?"

"ஏன், என்னால முடியாதா?"

"குழம்பு ருசி கூட பாக்கக்கூடாது. நாக்குல ஒரு சொட்டு பட்டாலும் ஒறுத்தல் போச்சு."

"பாக்கல. போதுமா?"

அவர் முகத்தில் ரொம்ப நாளைக்கப்புறம் ஒரு குறும்பு தெரிந்தது. ஆறிப்போன தட்டை இழுத்துக்கொண்டார். "வெள்ளிக்கிழமைய மட்டும் எனக்கு விட்டுடு. பெரிய வெள்ளியும் என்னோடது" என்றார். சரி என்றேன். பேரம் முடிந்தது.

அடுத்த நாள்தான் என் தலையில் உறைத்தது, ருசி பார்க்காமல் எப்படிச் சமைப்பது என்று. கரண்டியிலிருந்து ஒரு சொட்டு உள்ளங்கையில் விட்டு நக்கிப் பார்ப்பது எனக்குக் கை தானாகச் செய்யும் வேலை. பக்கத்து நாற்காலிக்காரியிடம் புலம்பினேன். "இதுக்கா இந்தப் பாடு? நாங்க சாமிக்கு நைவேத்தியம் பண்றச்சே ருசி பாக்கவே மாட்டோம். உப்பு ஒரே இடத்துல, ஒரே ஸ்பூனால, ஒரே தடவ. அவ்வளவுதான்" என்றாள். ஆனால் எனக்கு அந்த ஒழுக்கம் எல்லாம் தேவைப்படவில்லை, ஏனென்றால் வீட்டிலேயே ஆள் கிடைத்துவிட்டார்.

"உப்பு நான் பாத்துச் சொல்றேன்" என்றார் என் வீட்டுக்காரர். "இத்தன வருஷமா அதத்தான பண்ணிட்டிருக்கேன்?"

மறுநாளிலிருந்து காலையில் அடுப்படி வாசலில் வந்து நின்று உள்ளங்கையை நீட்டுவார். ஒரு சொட்டு விடுவேன். நக்கிப் பார்ப்பார். "சரியா இருக்கு" என்பார். அந்த வார்த்தையை அவர் வாயிலிருந்து கேட்க எனக்கு எவ்வளவு பெருமையாக இருந்தது தெரியுமா? நோய் வந்து மனுஷன் திருந்திவிட்டார் என்று நினைத்துக்கொண்டேன். அவர் தினமும் சாப்பிட்டார். எடை ஏறியது. டாக்டரம்மா தராசைப் பார்த்துவிட்டு, இனி ட்யூப் பேச்சே வேண்டாம் என்றார். நான் கறிவாசனையில் நின்று கத்தரிக்காய்க் குழம்பு சாப்பிட்டேன். நாக்கு ஊறும். பல்லைக் கடித்துக்கொள்வேன்.

தவக்காலம் பாதி தாண்டிய ஒரு சனிக்கிழமை மகள் பெங்களூரிலிருந்து வந்தாள். அவளுக்குத் தாத்தா வீட்டுக் கண்டிப்பும் இல்லை, என் பேரமும் இல்லை. அப்பா பக்கத்தில் உட்கார்ந்து, இடியாப்பத்தைப் பிய்த்து, அவர் தட்டிலிருந்த ஸ்டூவில் தோய்த்து வாயில் போட்டாள். போட்ட வேகத்தில் எழுந்து வாஷ்பேசினுக்கு ஓடினாள்.

"ஐயய்யோ, அம்மா! உப்ப அள்ளிக் கொட்டி வச்சிருக்க? அப்பா, எப்படிப்பா இதச் சாப்பிடறீங்க?"

நான் கரண்டியோடு நின்றேன். அவர் தட்டைப் பார்த்துக்கொண்டு இருந்தார்.

எனக்கு அங்கேயே புரிந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை பிசறும்போதே பாக்கெட்டில் உப்புப் போட்டுவிடுகிறேன். காலை அவசரத்தில் கை பழக்கத்தில் சட்டியிலும் போடுகிறேன். முன்பெல்லாம் பிசறிய கறியானாலும் ஒரு சொட்டு நாக்கில் பட்டதும் கை நின்றுவிடும். இப்போது நாக்கு அவருடையது. அந்த நாக்குக்கு ஒன்றும் தெரியவில்லை. இத்தனை நாளும் அவர் உப்புத் தண்ணீரைச் சாப்பிட்டிருக்கிறார், இரட்டை உப்பு, தினமும், சரியா இருக்கு, சரியா இருக்கு என்று சொல்லிக்கொண்டே.

"தெரியுதுன்னு சொன்னீங்களே?" என்றேன்.

"அன்னிக்கு நீ என் வாயையே பாத்துட்டு நின்ன. சொல்லணும் போல இருந்துச்சு." தட்டை ஓரமாக நகர்த்திவிட்டு, "ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை உக்காந்து சீவற. மண்ணு மாதிரி இருக்குன்னு எப்படிச் சொல்றது?" என்றார்.

நான் மறுபடி கேட்டேன். துளி கூடவா தெரியவில்லை? துளி கூட இல்லை என்றார். சூடு தெரியும், மெத்தென்று இருப்பது தெரியும், விழுங்குவது தெரியும், அவ்வளவுதான். மகள் அவர் தோளில் தலையை வைத்துக்கொண்டாள். சிலருக்கு வராமலும் போகலாம் என்று டாக்டரம்மா சொன்னது என் காதில் மறுபடி கேட்டது. எங்கள் வீட்டில் அந்த மத்தியானம் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை.

ஆனாலும் திங்கட்கிழமை காலையில் பசி வருமே. மயிலாப்பூர்க்காரி சொன்னபடி செய்தேன். பாக்கெட்டில் இருந்த உப்புக் கறியை எல்லாம் மகளிடம் ஐஸ் பெட்டியில் போட்டுக் கொடுத்து அனுப்பிவிட்டேன், தண்ணீரில் அலசி வறுத்துக்கொள் என்று சொல்லி. புதிதாகச் சீவிய பாக்கெட்டுகளில் உப்பே போடவில்லை. சட்டியில் மட்டும், இறக்கும் முன்னால், ஒரே ஸ்பூனால், ஒரே தடவை. வாசனையை வைத்து மற்றதைச் சமாளித்தேன். அவருக்கும் ஒரு கட்டளை போட்டேன். "இனிமே என்கிட்ட பொய் சொன்னீங்க, அவ்வளவுதான். தெரியலன்னா தெரியலன்னு சொல்லுங்க."

அவர் காலையில் கையை நீட்டுவதை மட்டும் நிறுத்தவில்லை. நானும் ஒரு சொட்டு விடுவதை நிறுத்தவில்லை. "தெரியல" என்பார். சரி என்று கரண்டியை வைப்பேன். அடுத்த நாள் "தெரியல." அதற்கடுத்த நாளும் "தெரியல." ஸ்டூவாக இருந்தாலும் சேமியாவாக இருந்தாலும் அதே பதில். பாவம், அவர் அதைச் சாதாரணமாகச் சொல்லப் பழகிக்கொண்டார். நான் பழகவில்லை. சாப்பாடு என்றால் உயிராக இருந்த மனுஷன் இனி வாழ்நாள் முழுக்கச் சூட்டையும் மென்மையையும் மட்டுமே சாப்பிடப்போகிறாரா? ஆள் பிழைத்தாரே, அது போதாதா என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வேன். போதும்தான். ஆனால் மனசு கேட்கவேண்டுமே.

பெரிய வெள்ளி வந்தது. அவருடைய நாள். வெறும் கஞ்சி குடித்தார். மத்தியானம் இருவரும் கோயிலில் மணிக்கணக்காக நின்றோம். கூட்டத்தில் என் கால் வீங்கிப்போய்விட்டது. அவர் கடைசிவரை தூணில் சாயாமல் நின்றார். திரும்பும்போது லைட்ஹவுஸ் பக்கமிருந்து காற்று அடித்தது. "பாத்தியா, நின்னேன்" என்றார். பார்த்தேன் என்றேன்.

சனிக்கிழமை காலையில் எனக்கு உடம்பு முழுக்க வலி. மறுநாள் ஈஸ்டருக்கு மகள் வரப்போகிறாள், வீடு துடைக்க வேண்டும், என் சுத்தபோசனம் அன்று இரவு பாஸ்கா பூசையோடு, அதாவது ஈஸ்டர் நள்ளிரவுப் பூசையோடு முடிகிறது என்ற நினைப்பு வேறு. அவருக்கு மத்தியானத்துக்கு அவர் அம்மா வீட்டுப் புளிப்புக் குழம்பு வைத்தேன். வெங்காயத்தைப் பொன்னிறமாக வதக்கி, ஒரு பாக்கெட் சீவலைப் போட்டு, வினிகரை ஊற்றிக் கொதிக்கவிட்டேன். அவர் வழக்கம்போல வந்து நின்று கையை நீட்டினார். நான் வேறு எதையோ நினைத்துக்கொண்டே ஒரு சொட்டு விட்டேன்.

நக்கினார். தலையை ஒரு பக்கமாகச் சாய்த்தார்.

"புளிக்குது" என்றார்.

நான் திரும்பினேன்.

"நெசமாவா? பொய் சொல்லாதீங்க."

"புளிக்குதுடி. இன்னொரு சொட்டு விடு." விட்டேன். அவசரத்தில் அவர் மணிக்கட்டில் வழிந்தது. அதையும் நக்கினார். முகத்தைச் சுளித்தார். "புளிப்பு மட்டும்தான் இருக்கு. உப்பு போட்டியா நீ?"

போட்டேன் என்று சொல்ல வாயைத் திறந்தேன். உப்பு ஜாடி மேல்தட்டில் மூடியோடு அப்படியே இருந்தது. அதன் மேல் வைக்கும் ஸ்பூனும் அசையாமல் இருந்தது. பாக்கெட்டில் உப்பு இல்லை. சட்டியிலும் நான் இன்னும் போடவில்லை. மறந்தே போயிருந்தேன். அது இல்லை என்பது அவருக்குத்தான் முதலில் தெரிந்தது.

எப்படி அந்த ஜாடியைத் திறந்தேன் என்று தெரியாது. ஒரே ஸ்பூன், ஒரே தடவை. கலக்கி, கொதிக்கவிட்டு, அவர் கையில் ஒரு சொட்டு விட்டேன். இரண்டு பேரும் அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தோம். அவர் நக்கிப் பார்த்தார். கண்ணில் தண்ணீர் கட்டிக்கொண்டு வந்தது அவருக்கு.

"வந்துருச்சு" என்றார்.

அப்பாடா! நான் அடுப்பை அணைத்துவிட்டு, அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன். கால் வீக்கமும் தெரியவில்லை, வீடு துடைக்காததும் தெரியவில்லை. ஒரு வருஷமாக நெஞ்சில் கிடந்த பாறாங்கல்லை யாரோ தூக்கி எறிந்த மாதிரி இருந்தது. அழுதேன், சிரித்தேன், சேலைத் தலைப்பால் மூக்கைச் சிந்திக்கொண்டேன். நாக்கு முழுசாக வரவில்லை, இனிப்பு பாதிதான் தெரிகிறது, காரம் இன்றைக்கும் எரிகிறது. அது மெல்ல வரட்டும், எனக்கு அவசரம் இல்லை. ஃப்ரீஸரில் சீவல் பாக்கெட் இன்றைக்கும் வரிசையாகத்தான் இருக்கிறது.

அவர் அன்றைக்கு என் பக்கத்திலேயே தரையில் உட்கார்ந்து, சட்டியிலிருந்தே சோற்றில் போட்டுப் பிசைந்தார். முதல் வாய் உள்ளே போயிற்று. இரண்டாவது வாயும் போயிற்று. நான் அழுத கண்ணோடு அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

தலையைச் சாய்த்தார்.

"ஒரு கல்லு ஜாஸ்தி" என்றார்.

"வாய மூடிக்கிட்டு சாப்பிடுங்க" என்றேன்.